பலகை பெயர்ந்தது, சாதி பெயர்ந்ததா?

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலே, வத்திராயிருப்புக்கு அருகே, சதுரகிரி மலைக்குச் செல்வோர் தாணிப்பாறையை நோக்கிப் போகும் வழியிலே இருக்கிறது மகாராஜபுரம். பெயரிலே மகாராஜா இருக்கிறார். வயலிலே அவர் இல்லை. வயலிலே இருப்போர் ஏர் பிடிப்போர், நாற்று நடுவோர், களை பறிப்போர், தென்னையிலே ஏறுவோர், மாந்தோப்புக்குக் காவல் இருப்போர். பிளவக்கல் அணையிலே நீர் நின்றால் அவர்கள் முகத்திலே சிரிப்பு; நீர் வற்றினால் பெருமூச்சு. ஊருக்கு யார் பெயர், ஊரை வாழ வைப்பது யார் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றாக இருப்பதில்லை என்பதை அந்த ஊர்ப் பெயரே நமக்குச் சொல்லிவிடுகிறது.

சென்னையிலே, தியாகராய நகரிலே, மகாராஜபுரம் என்ற பெயரைத் தாங்கிய சாலை ஒன்று உண்டு. அது நாம் சொல்லும் மகாராஜபுரம் அன்று. தஞ்சைச் சீமையைச் சேர்ந்த வேறொரு மகாராஜபுரத்தின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக் கொண்ட இசைவாணர் சந்தானம், 1992ஆம் ஆண்டு விபத்திலே மறைந்த பிறகு, கிரிபித் சாலை என்றிருந்தது மகாராஜபுரம் சந்தானம் சாலை ஆயிற்று. பாடியவருக்குச் சிறப்பு, மகிழ்ச்சியே! ஆனால் பழகிய நாக்கு இன்னும் கிரிபித்தைத்தான் கூப்பிடுகிறது. பலகை ஒன்றைச் சொல்லும், மக்கள் நாக்கு வேறொன்றைச் சொல்லும். இது இந்நாட்டுச் சாலைகளுக்குப் பழகிப் போன இரட்டை வாழ்வு.

தலைவருக்குச் சாலை, நடிகருக்குச் சாலை, பாடகருக்குச் சாலை! அண்ணன் மறைந்தார், அண்ணா சாலை வந்தது. அதைப் பொருத்தமற்றது என்று எவரும் சொல்லார். 2022ஆம் ஆண்டு நகைச்சுவை நடிகர் விவேக் பெயரைச் சென்னை விருகம்பாக்கத்துச் சாலை ஒன்று ஏற்றது. 2024ஆம் ஆண்டு பாடகர் எஸ். பி. பாலசுப்பிரமணியம் பெயரை நுங்கம்பாக்கத்திலே அவர் வாழ்ந்த தெரு ஏற்றது. அன்பினாலே வைத்த பெயர்கள் இவை. நாம் இவற்றைக் குறை கூற வரவில்லை. பெயர் வைப்பது எளிது என்பதைக் காட்டவே இவற்றைச் சொன்னோம். ஒரு பலகை, ஒரு திரை, திரையை விலக்க ஒரு கை, கை தட்ட நாற்பது பேர்; அவ்வளவுதான் செலவு. அந்தப் பெயரைத் தாங்கும் தகுதி அந்தத் தெருவுக்கு வரவேண்டுமே, அதற்கான செலவுதான் பெரிது. அதை யார் கணக்கிட்டார்கள்?

இந்தக் கணக்கைப் பார்க்கத்தான் நாம் மகாராஜபுரம் வட்டாரத்துக்கு வருகிறோம். இராசபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு என்று பரந்து கிடக்கும் இந்தப் பகுதியிலேதான், 1997ஆம் ஆண்டிலே, பெயர் ஒன்று பேருந்தின் மீது ஏறியது. பெயர் ஏறியதும் ஊர்கள் பற்றி எரிந்தன.

நடந்தது என்ன? மு. கருணாநிதி தலைமையில் அமைந்திருந்த அன்றைய மாநில அரசு, விருதுநகர் மாவட்டத்துக்கென ஒரு புதிய போக்குவரத்துக் கழகத்தை அமைத்து, அதற்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்டியது. சுந்தரலிங்கம் யார்? ஒட்டப்பிடாரத்தை அடுத்த கவர்னகிரியிலே பிறந்தவர். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனின் படைத்தளபதி. 1799ஆம் ஆண்டு வெள்ளையரை எதிர்த்து நடந்த போரிலே உயிரைக் கொடுத்தவர் என்று மக்கள் நெஞ்சிலே நிற்பவர். கட்டபொம்மனைப் போற்றாத மேடை உண்டா? அவனுக்காக வாள் எடுத்தவனைப் போற்றினால் என்ன குற்றம்?

குற்றம் இருந்தது! சுந்தரலிங்கம் பிறந்த குலம், தேவேந்திர குலம். ஒடுக்கப்பட்டோர் பட்டியலிலே இருந்த குலம். அதுதான் குற்றம். ‘அந்தப் பெயர் எழுதிய வண்டியிலே நாங்கள் ஏறுவதா?’ என்று கேட்டனர் ஆதிக்கச் சாதியினரிலே ஒரு சாரார். வண்டி பழைய வண்டிதான், ஓட்டுநர் பழைய ஓட்டுநர்தான், கட்டணமும் ஏறவில்லை, சாலையின் பள்ளம்கூட அதே பள்ளம்தான். மாறியது நெற்றியிலே எழுதிய எழுத்து மட்டுமே. அந்த எழுத்துக்காகக் கல் பறந்தது, குடிசை எரிந்தது, உயிர்கள் பறிபோயின. சந்தைக்குப் போகவேண்டியவன் வீட்டிலே முடங்கினான்; பள்ளிக்குப் போகவேண்டிய பிள்ளை வாசலிலே நின்றது.

அரசு என்ன செய்தது? பெயரை எடுத்தது. ஒருவர் பெயரை மட்டும் எடுத்தால் பழி வரும் என்று, எல்லோர் பெயரையும் எடுத்தது. 1997ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாளிலிருந்து, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயர்கள் அகன்றன. காமராசர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. காமராசர் பிறந்த மண்ணிலேயே காமராசர் பெயர் போயிற்று! சிதம்பரனார் மாவட்டம் தூத்துக்குடி ஆயிற்று. கட்டபொம்மன் மாவட்டம் திருநெல்வேலி ஆயிற்று. பசும்பொன் மாவட்டம் சிவகங்கை ஆயிற்று. பல்லவனும் பாண்டியனும் சேரனும் சோழனும் திருவள்ளுவரும் பேருந்திலிருந்து இறங்கினர். சுந்தரலிங்கம் ஒருவரை இறக்குவதற்காக, வள்ளுவரையும் சேர்த்தே இறக்கினார்கள்!

‘அமைதிக்காகச் செய்தோம்’ என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை நாம் கேலி செய்யமாட்டோம். பிணம் விழும்போது ஆட்சியில் இருப்பவன் தூங்க முடியாது. தீ பரவும்போது முதலிலே தண்ணீரைத்தான் தேடவேண்டும். எல்லாப் பெயரையும் எடுத்ததிலே ஒரு சம நீதி இருந்தது என்றும் வாதிடலாம். தலைவர் பெயரிலே சாதிக்கொரு மாவட்டம் என்று வளர்ந்துவந்த போட்டி அதனால் ஓய்ந்தது என்றும் கூறலாம். இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சி நிற்கிறது. பெயர் கூடாது என்று கல்லெறிந்தவன் கேட்டது என்ன? ‘அந்தப் பெயர் போகவேண்டும்’ என்றான். கிடைத்தது என்ன? அந்தப் பெயர் போயிற்று. வென்றவன் யார்?

மற்ற மாநிலங்களிலே இதே சோதனை வந்தது. மராட்டியத்திலே, மராத்வாடா பல்கலைக் கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978ஆம் ஆண்டு சட்டமன்றம் தீர்மானித்தது. ஒடுக்கப்பட்டோர் சேரிகள் எரிக்கப்பட்டன. பதினாறு ஆண்டுகள் இழுத்தது. ஆயினும் 1994ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் அம்பேத்கர் பெயர் அங்கே ஏறியது. ஆந்திரத்திலே, கோனசீமா மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சேர்த்ததற்காக 2022ஆம் ஆண்டு மே திங்களிலே அமலாபுரத்திலே அமைச்சர் வீட்டுக்கே தீ வைத்தனர். பெயர் நின்றது. பகுத்தறிவுப் பாசறை என்று நாம் மார்தட்டிக் கொள்ளும் தமிழகத்திலே மட்டும் பெயர் பின்வாங்கியது. இதைச் சொல்லும்போது நமக்கே நெஞ்சு சுடுகிறது. சுடட்டும் என்றே சொல்கிறோம்.

அப்படியானால் பெயர் முக்கியம் இல்லையா என்று கேட்கலாம். முக்கியம்தான்! பெயரின் வலிமையை விருதுநகருக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த மண்ணின் சங்கரலிங்கனார், சென்னை மாகாணத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கவேண்டும் என்பது உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக 1956ஆம் ஆண்டிலே உண்ணாமல் கிடந்தார். 76 நாள் கிடந்தார். அக்டோபர் 13ஆம் நாள் உயிர் விட்டார். 1967ஆம் ஆண்டு சட்டமன்றம் அந்தப் பெயரை ஏற்றது. 1969ஆம் ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. ஒரு பெயருக்காக ஒருவர் உயிரையே தந்தார் என்றால், அந்தப் பெயர் மக்களின் தன்மானமாக இருந்தது. சுந்தரலிங்கம் பெயரும், அந்த மலையடிவாரத்திலே குனிந்த முதுகோடு நாற்று நட்டவனுக்குத் தன்மானமாகத்தான் தெரிந்தது. பேருந்தின் நெற்றியிலே தன் முன்னோன் பெயரைக் கண்ட சில நாள் அவன் முதுகு நிமிர்ந்திருக்கும். பிறகு அந்தப் பெயரைத் துடைத்த துணியையும் அவன் பார்த்திருப்பான்.

பெயருக்கு வலிமை உண்டு. ஆனால் பெயர் தனியே நிற்காது என்பது நம் கருத்து. அதற்கும் இந்த மண்ணிலிருந்தே சான்று தருகிறோம்.

இராசபாளையமும் திருவில்லிபுத்தூரும் அந்நாளிலே இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1920களின் இறுதியிலே அந்த மாவட்டக் கழகத்தின் தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார். பேருந்துகள் தனியார் கையிலே இருந்த காலம் அது. தாழ்த்தப்பட்டோரை வண்டியிலே ஏற்ற முடியாது என்று உரிமையாளர்கள் மறுத்த காலம். சௌந்தரபாண்டியனார் பேருந்துக்கு யார் பெயரையும் சூட்டவில்லை. ஓர் ஆணை போட்டார். தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் வண்டிக்கு உரிமம் கிடையாது! அவ்வளவுதான். உரிமம் போனால் வருமானம் போகும் என்றதும், தீட்டு என்று பேசிய வாய்கள் மூடிக் கொண்டன. கதவு திறந்தது. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டிலே கூடிய முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் இவரே. பெயருக்குப் பின்னே தொங்கும் சாதிப் பட்டத்தை விட்டொழிக்க வேண்டும் என்று அந்த மாநாடு தீர்மானித்தது.

ஓர் ஆணை, பெயர் எழுதாமலே பேருந்தின் இருக்கையை மாற்றியது. எழுபது ஆண்டு கழித்து ஒரு பெயர், இருக்கையை மாற்றாமலே பேருந்தின் நெற்றியை மாற்றியது. முன்னது நிலைத்தது, பின்னது சில திங்களிலே அழிந்தது. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு என்ன? முன்னதற்குப் பின்னால் சட்டத்தின் கை இருந்தது. மீறுவோன் இழப்பது எது என்பது தெளிவாக இருந்தது. பின்னதற்குப் பின்னால் வாழ்த்துரை இருந்தது.

அந்தச் சௌந்தரபாண்டியனாருக்கும் சென்னையிலே ஒரு நினைவு உண்டு. தியாகராய நகரிலே துணி வாங்கவும் வளையல் வாங்கவும் மக்கள் மொய்க்கும் பாண்டி பசார், அவர் பெயரால் வழங்குவது, சௌந்தரபாண்டியனார் அங்காடி. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே நடக்கின்றனர். அந்தப் ‘பாண்டி’ யார் என்று கேட்டுப் பாருங்கள். பாண்டிச்சேரி என்பார் பலர். பேருந்தின் கதவைத் திறந்தவர் பெயர், பேரம் பேசும் இரைச்சலிலே தொலைந்து போயிற்று. பெயர் வைத்தோம், கடமை முடிந்தது என்று இருந்தால் இதுதான் கதி.

அமெரிக்காவிலே மார்ட்டின் லூதர் கிங் பெயரைத் தாங்கிய தெருக்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவர் 1968ஆம் ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பெருகிய பெயர்கள் அவை. அவற்றிலே பல, கறுப்பின மக்கள் வறுமையிலே வாடும் பகுதிகளிலேயே அமைந்தன. நகரத்தின் பெரிய வணிகத் தெருவுக்கு அவர் பெயரைக் கேட்டபோது, முகவரி மாறுகிறது, செலவாகிறது என்று கடைக்காரர்கள் மறுத்த ஊர்கள் உண்டு. அங்கேயும் பெயர் கிடைத்தது. எல்லை தாண்ட விடவில்லை. இங்கே தலைவர் சிலைகளைக் கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறோமே, அதுவும் அதே கதைதான். விடுதலைக்குப் போராடியவர் சிறையிலிருந்து மீண்டார். சிலையாகி மறுபடி சிறை புகுந்தார்!

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். பெயர்ப் பலகைக்கும் தொலைக்காட்சிக்கும் என்ன உறவு என்று வாசகர் கேட்கக் கூடும். நெருங்கிய உறவு உண்டு. பலகையிலே பார்த்தது பூச்சு. பெட்டியிலே பார்ப்பதும் பூச்சு.

அந்தி சாய்ந்ததும் வீடுதோறும் பெட்டி பேசுகிறது, கைப்பேசியிலும் பேசுகிறது. மர்மத் தொடர்! மலையடிவாரத்துக் கிராமம், அமாவாசை இரவு, உடுக்கை ஒலி, ஒரு பிணம். 1990களின் பிற்பாதியிலே மர்மதேசம் தொடரின் ‘விடாது கருப்பு’ தமிழகத்தையே பெட்டியின் முன் உட்கார வைத்தது. குதிரைக் குளம்போசை கேட்டால் குழந்தைகள் போர்வைக்குள் ஒளிந்தன. கொன்றது காவல் தெய்வமா, மனநோயா என்று வீடெல்லாம் வாதம் நடந்தது. நன்றாக எடுத்த தொடர்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுகளிலேதான், பெட்டிக்கு வெளியே, இந்த வட்டாரத்துக் கிராமங்களிலே மெய்யான குடிசைகள் எரிந்தன. அங்கே தீ வைத்தது கருப்பசாமியும் அல்ல, மனநோயும் அல்ல. யார் என்று ஊருக்கே தெரியும். மர்மம் இல்லாததால் தொடர் இல்லையோ!

அண்மைத் தொடர்களைப் பாருங்கள். கண்டெடுத்த முடி ஒன்றை மாலையிலே ஆய்வுக்கு அனுப்புகிறார்கள். விடிவதற்குள் மரபணு அறிக்கை வருகிறது, கொலைகாரனின் நிழற்படத்தோடு! மெய்யாகவே அரசின் தடய அறிவியல் கூடத்துக்குப் போன பொருள், வரிசையிலே நின்று, வாரங்களும் திங்களும் கடந்து திரும்புகிறது. ஒப்பிடுவதற்கு இன்னொரு மாதிரி இல்லாவிட்டால் அந்த அறிக்கை யார் பெயரையும் சொல்லாது. கைக்குட்டையிலே மயக்கமருந்தைத் தெளித்து மூக்கிலே வைத்ததும் ஆள் விழுகிறான். மருத்துவர்களைக் கேளுங்கள், குளோரோபார்ம் அப்படி நொடியிலே வீழ்த்தாது, சில நிமிடம் விடாமல் மூச்சிலே ஏறவேண்டும் என்பார்கள். கைப்பேசி எண்ணைத் தட்டியதும் திரையிலே சிவப்புப் புள்ளி, கொலைகாரன் நிற்கும் வாசற்படியைக் காட்டுகிறது. கோபுரத்தின் கணக்கு காட்டுவது ஒரு பரப்பை, அதுவும் மலைக்காட்டிலே பெரும் பரப்பை. சதுரகிரிப் பாதையிலே போனவர்களுக்கு அலைவரிசையின் அருமை தெரியும்!

‘இவை கதைதானே, விடுங்கள்’ என்பார்கள். சில்லறைப் பொய்களை விட்டுவிடலாம். விடமுடியாத பொய் ஒன்று இருக்கிறது. தொடரின் ஏழாம் பகுதியிலே காவல் அதிகாரி கைச்சட்டையை மடிக்கிறார், அறைக் கதவு மூடுகிறது, அலறல் கேட்கிறது, வெளியே வரும்போது உண்மை கையிலே இருக்கிறது! அடித்தால் உண்மை வரும், அடிப்பவன் வீரன், தடுப்பவன் முட்டாள், வழக்கறிஞன் வஞ்சகன். இந்தப் பாடத்தை வாரந்தோறும் வீட்டுக்குள் வந்து நடத்துகிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது? காவலரிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எதிராகச் செல்லாது. 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமே இதைச் சொன்னது. 2024 சூலை முதல் நடப்புக்கு வந்துள்ள புதிய சட்டமும் இதையே சொல்கிறது. வெள்ளைக்காரன்கூடத் தன் காவலனை நம்பவில்லை! கைது செய்யப்பட்டவனை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்தவேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஊசி போட்டு உண்மை கறக்கும் சோதனையை ஒருவன் சம்மதமின்றி நடத்தக் கூடாது என்று உச்சநீதி மன்றம் 2010ஆம் ஆண்டு தீர்ப்பளித்தது. தொடர்களிலே அந்த ஊசி இன்றும் தாராளமாகப் பாய்கிறது.

அடித்தால் என்ன வரும் என்பதை விருதுநகருக்குப் பக்கத்து மாவட்டத்திலே பார்த்தோம். 2020ஆம் ஆண்டு சூன் திங்கள், சாத்தான்குளம். ஊரடங்கு வேளையிலே கடை திறந்திருந்ததாகப் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் பிணமாயினர். அங்கே எந்த உண்மை வெளிவந்தது? அடித்தவர்களைப் பற்றிய உண்மைதான் வெளிவந்தது. 2025ஆம் ஆண்டு சூன் திங்களிலே சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தை அடுத்த மடப்புரத்திலே, நகை காணவில்லை என்ற புகாருக்காக விசாரித்த கோயில் காவலாளி ஒருவர் உயிரிழந்தார். தொடரிலே கை தட்டிய அதே கைகள், இந்தச் செய்திகளைப் படித்துக் கண்ணீரைத் துடைத்தன. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று நம்மால் எண்ண முடியவில்லை. கதையிலே ஏற்றுக் கொண்ட கொடுமை, நிலையத்திலே நிகழும்போது கண்ணுக்குப் பழகிப் போய்விடுகிறது.

அமெரிக்காவிலே 2000ஆம் ஆண்டு ‘சி.எஸ்.ஐ.’ என்ற தொடர் வந்த பிறகு, நீதிமன்றத்திலே தீர்ப்புக் கூறும் பொதுமக்கள் குழுவினர், தொடரிலே கண்ட விந்தைச் சோதனைகளையெல்லாம் மெய் வழக்கிலும் எதிர்பார்க்கின்றனர் என்று அரசு வழக்கறிஞர்கள் முறையிட்டனர். அது எவ்வளவு தூரம் மெய் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகின்றனர். அங்கே தொடர் ஊட்டிய மயக்கம் ஆய்வுக்கூடத்தின் மீது. இங்கே தொடர் ஊட்டும் மயக்கம் தடியின் மீது.

இன்னொரு பொய்யும் உண்டு. அது சொல்லாமல் விடும் பொய். இந்தக் கிராமங்களிலே எல்லாம் இருக்கும்: பாழடைந்த பங்களா, பரம்பரைப் பகை, புதையல், சித்தர் ஓலை, நாகம். சாதி மட்டும் இராது! ஊருக்கு ஒரு கற்பனைப் பெயர்; ஆட்களுக்கு மொட்டைப் பெயர்; எந்தத் தெருவிலே யார் குடியிருக்கிறார் என்பது தெரியாது; சுடுகாடு ஒன்றா இரண்டா என்பது தெரியாது. சாலையிலே ஒரு பிணம் கிடந்தால், தமிழகக் கிராமத்திலே எழும் முதற் கேள்வி ‘எந்தத் தெரு ஆள்?’ என்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்காத தொடர், மரபணு அறிக்கையை எவ்வளவு சரியாகக் காட்டினாலும் உண்மைக்கு ஒவ்வாத தொடரே. காவல் நிலையத்தின் அன்றாட அலுப்பைக் காட்ட முயன்ற ‘விலங்கு’ போன்ற ஒன்றிரண்டு அரிய முயற்சிகளை நாம் பாராட்டுகிறோம். பெரும்பாலானவை இந்த மலையைக் கண்டால் மாயத்தைக் காண்கின்றன. மலையின் கீழே வாழும் மனிதனைக் காண்பதில்லை.

மலையின் உண்மை என்ன? அங்கே சாம்பல் நிற அணிலுக்குச் சரணாலயம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு முதல் புலிகள் காப்பகம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு மே திங்களிலே திடீரெனப் பெருகிய காட்டாற்று வெள்ளம் சதுரகிரி சென்றவர்களிலே சிலரை அடித்துச் சென்றது. கொன்றது சாபம் அல்ல, மழை. இந்த உண்மைகளிலே திகில் இல்லையா? பாதை, பாலம், முன்னெச்சரிக்கை என்று பேசினால் பார்ப்போர் எண்ணிக்கை குறையுமோ?

இப்போது பலகைக்குத் திரும்புவோம். 2025ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், ஊர், தெரு, சாலை, நீர்நிலைகளின் பெயர்களிலே உள்ள சாதிப் பெயர்களை நீக்கத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. வரவேற்கிறோம். 1978ஆம் ஆண்டு எம்.ஜி.ஆர். ஆட்சியிலே தெருப் பெயர்களின் சாதி வாலை வெட்டத் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி இது. செங்கற்பட்டுத் தீர்மானத்தின் பேரப்பிள்ளை. ஆனால் மறுநாள், அக்டோபர் 9ஆம் நாள், கோவை அவிநாசிச் சாலையிலே 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. பெயர்: ஜி. டி. நாயுடு மேம்பாலம்! அறிவியல் மேதை அவர். அவருக்குப் பாலம் என்ன, பல்கலைக் கழகமே அமைக்கலாம். ‘அந்தப் பட்டத்தை வெட்டினால் யாரென்று தெரியாது’ என்று சமாதானம் சொல்லப்பட்டது. அது உண்மையாகவும் இருக்கலாம். அந்த உண்மைதான் நம்மை வருத்துகிறது. மேதையை அடையாளம் காட்டச் சாதி தேவைப்படுகிறது. வீரனுக்குச் சாதி தெரிந்ததும் பேருந்து எரிகிறது. பட்டம் ஒருவருக்கு மாலை, இன்னொருவருக்கு விலங்கு!

ஆகவே நாம் வேண்டுவது இவை.

பெயர் சூட்டுமுன் எண்ணுங்கள். சூட்டிய பிறகு பின்வாங்காதீர்கள். கல்லுக்கு அஞ்சிப் பெயரைத் துடைத்தால், அடுத்த கல்லுக்கு நீங்களே கூலி கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

பெயர்ப் பலகையின் கீழே, அவர் யார், என்ன செய்தார் என்று நான்கு வரி எழுதுங்கள். பாண்டி பசாருக்கு வந்த கதி இன்னொருவருக்கு வரவேண்டாம்.

பெயரோடு ஓர் உரிமையையும் சேர்த்துத் திறந்து வையுங்கள். அம்பேத்கர் பெயரைத் தாங்கும் தெருவுக்கு முதலிலே குடிநீரும் சாக்கடையும் வரட்டும். அந்தத் தெருவின் பிணம் பொதுப்பாதையிலே போகட்டும். அதன் பிறகு பலகை நடுங்கள். சௌந்தரபாண்டியனாரின் வழி அதுவே.

சாதிப் பெயரை நீக்கும் ஆணை மேல் தெருவுக்கும் கீழ்த் தெருவுக்கும் ஒன்றாகப் பாயட்டும். பழைய சந்துக்கும் புதிய பாலத்துக்கும் ஒன்றாகப் பாயட்டும்.

தொடர் எடுக்கும் தோழர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மர்மம் வேண்டுமா? மகாராஜபுரம் வழியே போகும் பேருந்திலே ஒரு நாள் ஏறுங்கள். 1997ஆம் ஆண்டு, எழுத்தறிவு பெற்ற மனிதர்கள், எட்டு ஊருக்கு ஒரே சாலையிலே போகவேண்டியவர்கள், இருநூறு ஆண்டுகளுக்கு முன் மாண்ட ஒருவர் பெயரைக் கண்டு ஏன் வெறி கொண்டார்கள்? அந்த வெறியை அவர்கள் நெஞ்சிலே விதைத்தது யார்? விளைச்சலை அறுத்துக் கொண்டவர் யார்? இதைவிடப் பெரிய மர்மம் எந்த மலைக் குகையிலே இருக்கிறது? இதைத் துப்புத் துலக்குங்கள். ஆய்வுக்கூடமும் வேண்டாம், ஊசியும் வேண்டாம், தடியும் வேண்டாம். துணிவு ஒன்று போதும்.

பேருந்துகளிலே இன்று எந்தத் தலைவர் பெயரும் இல்லை. அரசுப் போக்குவரத்துக் கழகம் என்றே எழுதியிருக்கிறது. எல்லோரும் ஏறுகிறார்கள். நல்லது. ஆனால் ஏறியவர்கள் இறங்கியதும் எந்தெந்தத் தெருவுக்குப் பிரிந்து போகிறார்கள், எந்தக் கடையிலே நின்று தேநீர் குடிக்கிறார்கள், எந்தக் கிணற்றிலே நீர் மொள்கிறார்கள் என்று பாருங்கள். பலகை பெயர்ந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாயிற்று. சாதி பெயரவில்லை.

அதைப் பெயர்த்தெடுக்கும் நாளிலே, சுந்தரலிங்கம் பெயரை மீண்டும் எழுத வண்ணக் கலயத்தோடு நாமே வருவோம். அன்று அந்தப் பேருந்திலே முதல் ஆளாக ஏறுவோர், அன்று ஏறமாட்டோம் என்றவர்களின் பேரப்பிள்ளைகளாக இருக்கட்டும்.